ஹாரி பாட்டர் உலகில் சாவுச் சகுனங்கள்

ஜே. கே. ரௌலிங் படைத்த மந்திர உலகில் சாவின் முன்னறிவிப்பாக அஞ்சப்படுவது ‘கிரிம்’ என்னும் பெரிய கருநாய். 1999-இல் வெளிவந்த மூன்றாம் நாவலில், மந்திரப் பள்ளி மாணவன் ஹாரி குடித்து வைத்த கோப்பையின் தேயிலைச் சக்கையில் குறிசொல்லும் கலை ஆசிரியை டிரெலானி அதன் உருவைக் காண்கிறார். கிரிம்மைப் பார்த்த தன் மாமா 24 மணி நேரத்தில் இறந்ததாக ஹாரியின் நண்பன் ரான் நடுங்குகிறான். அச்சமே அவரைக் கொன்றது என்கிறாள் தோழி ஹெர்மியானி. டிரெலானி ஆண்டுக்கொரு மாணவரின் சாவை முன்னுரைத்தும் ஒருவரும் இறக்கவில்லை என்கிறார் ஆசிரியை மெக்கோனகல். ஹாரி நேரில் கண்ட கருநாயோ, நாயுரு எடுத்த அவனது ஞானத்தந்தை சிரியஸ் பிளாக். சாவைக் கண்டவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தெஸ்ட்ரல் குதிரைகளையும் அபசகுனம் என்பார்கள். ஆனால் அவை பள்ளி வண்டிகளை இழுப்பவை. மந்திரம் மெய்யான உலகிலும் சகுனம் காண்பவரின் அச்சத்திலேயே வலுப்பெறுகிறது.