பிரசாதப் பட்டும் வணிக தர்மமும்

திருமலையில் நன்கொடையாளர்களுக்கு வேத பண்டிதர்கள் ஆசி கூறிப் பட்டு வஸ்திரம் போர்த்துவது வழக்கம். பெற்றவர்கள் அதைப் பூஜையறையில் வைத்துப் போற்றுவார்கள். பட்டுதானா என்று அறிய எளிய சோதனை உண்டு. பட்டு நூலை எரித்தால் மயிர் கருகும் வாடையுடன் பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக இறுகும். ஆனால் பெருமாளின் பிரசாதத்தில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்ட எந்தப் பக்தருக்கு மனம் வரும்?

2025 டிசம்பரில் அந்தச் சோதனையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானமே செய்வித்தது. கேட்டிருந்தது தூய மல்பெரி பட்டு. மத்திய பட்டு வாரியத்தின் ஆய்வுக்கூடம் உள்ளிட்ட இரு இடங்களிலிருந்து வந்த முடிவோ பாலியஸ்டர் என்றது. நகரியைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 2015 முதல் 2025 வரை வழங்கிய வஸ்திரங்களின் மதிப்பு ஏறத்தாழ 54 கோடி ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. 350 ரூபாய் பெறக்கூடிய துணிக்கு 1,300 ரூபாய் விலை போடப்பட்டதாக தேவஸ்தானத் தலைவர் கூறினார். ஊழல் தடுப்புப் பிரிவின் விசாரணை கோரப்பட்டது. குற்றம் யாருடையது என்பதை அந்த விசாரணைதான் சொல்ல வேண்டும்.

‘ஆசி துணியிலா இருக்கிறது? பக்தியுடன் பெற்றவருக்கு என்ன நஷ்டம்?’ என்று சிலர் கேட்கலாம். பெற்றவரின் பக்திக்குக் குறைவில்லை என்பது உண்மையே. ஆனால் ஏமாந்தவருக்குக் கிடைத்த நன்மை, ஏமாற்றியவரின் கணக்கில் வரவாகிவிடாது. சாதாரணமாக, ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தருபவன் வாங்குபவரின் ஆசையை நம்பித் தொழில் செய்கிறான். இங்கே முதலாக்கப்பட்டது ஆசை அல்ல, சோதிக்கக் கூசும் பக்தி. திருட்டில் இதைவிடக் கீழான வகை அரிது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலை கொடுத்து வாங்குபவரை நுகர்வோர் என்கிறது. பிரசாதமாக வஸ்திரம் பெற்றவர் அந்த வரையறைக்குள் அடங்குவாரா என்பதே ஐயம். ஆகவே, கேட்க இயலாத அவருக்காகவும் பொருளைச் சோதித்து வாங்கும் கடமை, அறநிலையத்தைப் பேணுவோருடையது. அந்தச் சோதனைக்குப் பத்து ஆண்டுகள் சென்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், தவத்தால் கர்வமுற்ற ஜாஜலி முனிவர் தர்மம் கேட்கச் சென்றது காசியில் கடை வைத்திருந்த துலாதாரனிடம். அவன் எந்தத் தவமும் செய்தவன் அல்லன். எல்லா உயிர்களுக்கும் தன் தராசு ஒன்றே என்றும், வஞ்சனையின்றி விற்பதாகவும் சொன்னான். வாங்குபவர் சோதிப்பாரா மாட்டாரா என்பது அவன் கணக்கில் வரவேயில்லை.

நகரியும் புத்தூரும் தறிகளால் வாழும் ஊர்கள். இந்த விவகாரத்தில் எவ்விதப் பங்கும் இல்லாத நெசவாளி ஒருவர் நாளை தம் துணியை எடுத்துச் சென்றால், ஊர்ப் பெயரைக் கேட்டதும் கடைக்காரர் ஓர் இழையை உருவிப் பார்ப்பார்.