தேய்ந்த டயரும் தேயும் ஈமானும்

  



போன மாதம் ஒரு ஜுமுஆ முடிந்து வெளியே வருகிறேன். பள்ளிவாசல் வாசலில் இளைஞர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். 300 குதிரைத்திறனுக்கு மேல் என்று சொன்னார்கள். மாஷா அல்லாஹ், பரக்கத் கிடைக்கட்டும் என்று துஆ செய்தேன்.

என் அத்தா லாரி ஓட்டியவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் அவருடைய கண் முதலில் டயருக்குத்தான் போகும். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. குனிந்து பார்த்தேன். பின் டயர் இரண்டிலும் பட்டன் தேய்ந்து கிட்டத்தட்ட வழுக்கையாக இருந்தது.

"என்ன தம்பி, டயர் இப்படி இருக்கே?" என்றேன்.

"அடுத்த மாசம் மாத்திடுறேன் ஹஜ்ரத். இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றார்.

சகோதரர்களே! அந்த வார்த்தை என் மனதை விட்டுப் போகவில்லை. நான் தினமும் கேட்கிற வார்த்தை அது. தொழுகையைப் பற்றிக் கேட்டாலும், வட்டிக் கடனைப் பற்றிக் கேட்டாலும், தவ்பாவைப் பற்றிக் கேட்டாலும் நாம் சொல்கிற பதில் அதுதான். "அடுத்த மாசம் ஹஜ்ரத். இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

அந்தத் தம்பியின் அனுமதியோடுதான் இன்று இதைப் பேசுகிறேன்.

உள்ளங்கை அளவு இடம்

ஒரு காரின் எடை ஒன்றரை டன் இருக்கலாம். அதன் இன்ஜின் 300 குதிரைத்திறன் இருக்கலாம், 600 இருக்கலாம். ஆனால் அந்தக் கார் சாலையைத் தொடுவது எவ்வளவு இடத்தில் தெரியுமா? ஒரு டயருக்கு ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவு. நான்கு டயருக்கும் சேர்த்து நான்கு உள்ளங்கை. வேகமெடுப்பதும், வளைவில் திரும்புவதும், பிரேக் போட்டு நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கை இடத்தை நம்பித்தான்.

புது டயரில் பட்டன் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். மழை பெய்யும்போது சாலையிலுள்ள தண்ணீர் அந்தப் பள்ளங்கள் வழியாக வெளியேறுகிறது. ரப்பர் தரையைத் தொடுகிறது. பள்ளம் தேய்ந்துவிட்டால் தண்ணீருக்குப் போக வழி இல்லை. டயர் தண்ணீரின் மேல் ஏறிவிடும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது, பிரேக்கை மிதித்தாலும் நிற்காது. இந்தியா, இங்கிலாந்து உட்பட பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரில் கார் ஓட்டக்கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

சாதாரணக் காரை விட ஸ்போர்ட்ஸ் காரில் ஆபத்து ஏன் அதிகம்? பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்ஜினின் சக்தி முழுவதும் பின் சக்கரங்களுக்குப் போகிறது. ஆகவே பின் டயர் சீக்கிரம் தேய்கிறது. ஈரமான வளைவில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் போதும், பின்பக்கம் பிடி விட்டு வழுக்கி, வண்டி பம்பரம் மாதிரி சுற்றிவிடும். பயந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து, பின் டயருக்கு இருந்த கொஞ்சம் பிடியும் போய்விடும்.

"ஹஜ்ரத், இப்போ எல்லாக் காரிலும் ஏபிஎஸ் இருக்கு, வழுக்காமல் காக்கும் கருவி இருக்கு" என்று சொல்வார்கள். உண்மைதான், அல்லாஹ் தந்த நிஃமத்துகள் அவை. ஆனால் அந்தக் கருவிகளால் பிடியை உண்டாக்க முடியாது. இருக்கிற பிடியைச் சரியாகப் பங்கிட்டுத் தரத்தான் முடியும். டயரில் பிடி இல்லையென்றால் கருவி எதைப் பங்கிடும்?

இஸ்லாம் வேகத்துக்கு எதிரியா?

இல்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். அந்தப் பந்தயத்தில் இப்னு உமர் (ரலி) அவர்களும் கலந்துகொண்டார்கள். புகாரியில் வரும் அந்தச் செய்தியில் ஒரு நுட்பம் இருக்கிறது. பந்தயத்துக்கென்று தயார் செய்யப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம். தயார் செய்யப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறைந்த தூரம். கவனியுங்கள்! ஓடக்கூடாது என்று தடுக்கவில்லை. எந்தக் குதிரை எதற்குத் தயாராக இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் ஓடவிட்டார்கள்.

ஹஜ்ஜத்துல் விதாவில் அரஃபாவிலிருந்து திரும்பும்போது மக்கள் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தம் கேட்டது. நன்மை என்பது விரட்டிக்கொண்டு ஓடுவதில் இல்லை, நிதானமாகச் செல்லுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அதே பயணத்தைப் பற்றி உஸாமா (ரலி) அவர்கள் அறிவிக்கும்போது, கூட்டத்தில் மெதுவாகச் சென்ற நபியவர்கள் வெட்டவெளி கிடைத்தபோது வேகமாகச் சென்றார்கள் என்கிறார்கள்.

ஆக, வண்டி தயாரா, இடம் தகுந்ததா என்ற இரண்டு கேள்விகளையும் நபியவர்களின் வழிமுறை நமக்குக் கற்றுத் தருகிறது. டயர் தேய்ந்த ஸ்போர்ட்ஸ் கார் என்பது தயார் செய்யப்படாத குதிரை. அதைத் தயாரான குதிரையின் ஓட்டத்துக்கு விரட்டுகிறோம்.

தேயாமலும் பிடி போகும்

உலகமே பேசிய ஒரு விபத்தைச் சொல்கிறேன். இறந்தவர்களைக் குறை சொல்வதற்காக அல்ல, நாம் படிப்பினை பெறுவதற்காக.

2013 நவம்பர் 30. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சாண்டா கிளாரிட்டா என்ற ஊர். கார் படங்களால் புகழ்பெற்ற நடிகர் பால் வாக்கர், பிலிப்பைன்ஸ் புயலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதற்காக நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து நண்பரோடு கிளம்புகிறார். 600-க்கும் மேற்பட்ட குதிரைத்திறன் கொண்ட போர்ஷே கரேரா ஜிடி கார். ஓட்டியவர் நண்பர், கார் பந்தயங்களில் ஓட்டிப் பழகியவர். ஏறத்தாழ 72 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதியுள்ள சாலை. கார் கட்டுப்பாட்டை இழந்து கம்பத்திலும் மரங்களிலும் மோதித் தீப்பிடித்தது. இருவரும் இறந்துவிட்டார்கள். வாக்கருக்கு வயது 40.

விசாரணை அதிகாரிகள் சொன்ன முக்கியக் காரணம் வேகம். ஏறத்தாழ 130 முதல் 150 கிலோமீட்டர் வரை. அதோடு இன்னொன்றையும் குறிப்பிட்டார்கள். அந்தக் காரின் டயர்கள் ஒன்பது வருடங்களுக்கு மேல் பழையவை.

ரப்பரின் தன்மை அப்படி. ஓடி ஓடித் தேய்வது ஒரு வகை. பட்டன் அப்படியே இருக்க, வருடங்கள் போகப் போக ரப்பர் இறுகிப் போவது இன்னொரு வகை. பார்ப்பதற்குப் புதிது போலவே இருக்கும். தொட்டால் கல் மாதிரி இருக்கும். இறுகிய ரப்பர் சாலையைப் பிடிக்காது. எப்போதாவது ஆசைக்கு மட்டும் எடுக்கிற விலை உயர்ந்த கார்களில் இந்த ஆபத்து அதிகம்.

அல்லாஹ்வின் அடியார்களே! இதைப் படித்தபோது எனக்கு ஸூரத்துல் ஹதீத் ஞாபகம் வந்தது. முன்பு வேதம் கொடுக்கப்பட்டவர்களின் மீது காலம் நீண்டது, அதனால் அவர்களுடைய உள்ளங்கள் இறுகிவிட்டன, அவர்களைப் போல் ஆகிவிடாதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் நம்மை எச்சரிக்கிறான். பாவத்தால் தேய்கிற ஈமானும் உண்டு. பெரிய பாவம் எதுவும் செய்யாமலே, நினைவூட்டல் இல்லாமல் சும்மா கிடந்து இறுகிப்போகிற ஈமானும் உண்டு. வெளியே தாடி, தொப்பி, தொழுகை எல்லாம் இருக்கும். உள்ளே இளக்கம் இருக்காது. நம் உள்ளத்தில் ஈமான் ஓர் ஆடை நைந்து போவது போல் நைந்து போகும், அதைப் புதுப்பித்துத் தரும்படி அல்லாஹ்விடம் கேளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அறிவிக்கிறார்கள் (நூல்: ஹாகிம்).

காய்ந்த, நேரான சாலையில் வழுக்கை டயரும் ஓடத்தான் செய்யும். மழை வரும் நாளில், வளைவு வரும் இடத்தில்தான் அதன் நிலை தெரியும். வசதியான நாளில் எல்லோருடைய ஈமானும் ஓடும். நோய் வரும்போது, நஷ்டம் வரும்போது, தனிமையில் ஒரு ஹராம் கைக்கு எட்டும்போதுதான் பிடி இருக்கிறதா என்று தெரியும்.

"தக்தீர்" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

டயரைப் பற்றிச் சொன்னால் சிலர், "எல்லாம் அல்லாஹ் எழுதியதுதானே" என்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறுதான் நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள் (நூல்: திர்மிதி).

இன்னொன்றும் இருக்கிறது. நாம் இறந்தால் நம்மோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். நம் கார் வழுக்கி, சாலையோரம் நடந்து போகிற ஒருவர் இறந்துவிட்டால்? வேண்டுமென்று செய்யவில்லை, உண்மைதான். ஆனாலும் தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவரை ஸூரத்துன் நிஸாவின் 92-வது வசனம் சும்மா விடவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு, அவர்கள் மன்னித்தால் தவிர, தியத் எனும் ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். பரிகாரமாக ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதம் விடாமல் நோன்பு வைக்க வேண்டும். ஒரு ரமளானுக்கே நாம் படும் பாடு நமக்குத் தெரியும்.

1993-ல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி சாலை விபத்துகளைப் பற்றித் தீர்மானம் வெளியிட்டது. ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்துச் சட்டங்களைப் பேணுவது கடமை என்றும், தன் வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் உயிர், பொருள் இழப்புக்கு ஓட்டுநரே பொறுப்பு என்றும் உலமாக்கள் சொன்னார்கள். தடுக்கவே முடியாத ஒரு சக்தியால் நடந்தது, பாதிக்கப்பட்டவரின் செயலால் நடந்தது, மூன்றாம் நபரின் தவறால் நடந்தது என்ற மூன்று நிலைகளில்தான் விலக்கு. தேய்ந்த டயர் இதில் எதில் வரும்? மழையை நம்மால் தடுக்க முடியாது. டயரை மாற்ற முடியும். தெரிந்தே தள்ளிப்போட்டவர் அல்லாஹ்வின் முன்னால் "என்னால் முடியவில்லை" என்று எப்படிச் சொல்வார்?

ஏறும்போது ஓதுகிற துஆ

வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆவில் மூன்று விஷயங்களை ஒப்புக்கொள்கிறோம். இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ். அவன் வசப்படுத்தாவிட்டால் இதை அடக்க நம்மால் ஆகாது. ஒருநாள் அவனிடமே திரும்பிப் போவோம். "இதை அடக்க என்னால் ஆகாது" என்று நாவால் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் எல்லாம் என் கைக்குள் என்பது போல் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறோமே, அந்த துஆவுக்கு என்ன மரியாதை?

அந்தத் தம்பி

போன வாரம் அவர் வந்தார். டயர் நான்கையும் மாற்றிவிட்டாராம். கழற்றிய டயர் ஒன்றை எனக்குக் காட்டவே கொண்டுவந்திருந்தார். "ஹஜ்ரத், நீங்க பார்த்தது வெளிப்பக்கம். உள்பக்கம் பாருங்க" என்றார். உள் ஓரத்தில் ரப்பர் முழுவதும் போய்க் கம்பி தெரிந்தது. இப்படிப்பட்ட கார்களில் சக்கரத்தை உள்பக்கம் லேசாகச் சாய்த்து வைத்திருப்பார்களாம், அதனால் நாம் பார்க்காத ஓரம்தான் முதலில் போகுமாம். "இந்த டயர்லதான் ஹஜ்ரத், அக்கா பிள்ளைங்கள ஏத்திட்டுப் போயிட்டிருந்தேன்" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் வரவில்லை.

சகோதரர்களே! மனிதர்கள் பார்ப்பது நம் வெளி ஓரத்தை. அல்லாஹ் பார்ப்பது உள் ஓரத்தை.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். காரோ பைக்கோ, டயரின் வெளிப்பக்கத்தையும் உள்பக்கத்தையும் பாருங்கள். பள்ளங்களுக்கு நடுவில் சிறிய மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டின் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பிள்ளைக்கு வேகமான வண்டி வாங்கித் தரும் பெற்றோரே, டயருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடியாவிட்டால் அந்த வண்டி நமக்கு இப்போது வேண்டாம்.

இரவு படுக்கும் முன் இன்னொரு சோதனை. இன்று என் தொழுகையில் உள்ளம் இளகியதா? யாருடைய கடனைத் தள்ளிப்போட்டேன்? எந்த தவ்பாவை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தேன்? அடுத்த மாதம் நம் கையில் இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களில் ஈமானைப் புதுப்பித்துத் தருவாயாக! எங்கள் அலட்சியத்தால் எந்த உயிருக்கும் தீங்கு வராமல் காப்பாயாக! எங்கள் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பாயாக! சாலை விபத்துகளில் மரணித்த எங்கள் சகோதரர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுடைய குடும்பத்தாருக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.