சாபமா, ஓர் எழுத்தா?



சில வருஷங்களுக்கு முன் கூடலூர் பக்கம் ஒரு பழங்குடி சகோதரியின் வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். எட்டு வயதுப் பையன் கைகால் வலியில் சுருண்டு கிடந்தான். அரிவாள் செல் ரத்தசோகை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். "நான் என்ன பாவம் செஞ்சேன் ஐயா?" என்று சகோதரி கேட்டார்கள். நானும் யோசிக்காமல், "முன்னோர் சாபமாயிருக்கும், உபவாசம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்ட கேள்விக்கு என்ன பதில் கிடைத்ததென்று எத்தனையோ தடவை பிரசங்கம் பண்ணியவன் நான்!

பிறகு நம் சபை டாக்டர் ஒருவர் என்னை உட்கார வைத்து விளக்கினார். நம் செல்களுக்குள் டிஎன்ஏ என்று முறுக்கிய ஏணி ஒன்று இருக்கிறது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்ரே ஆய்வு ஆதாரமாயிருக்க, 1953இல் வாட்சனும் கிரிக்கும் அதன் அமைப்பைச் சொன்னார்கள். அதில் நாலே எழுத்து: ஏ, டி, ஜி, சி. ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. ஏணி நடுவே பிரிந்தால் ஒவ்வொரு பாதியும் தன் ஜோடியைச் சேர்த்துக்கொள்ளும். இப்படி எடுத்த நகல்தான் பிள்ளைக்குப் போகிறது. தாயிடமிருந்து சுமார் 300 கோடி எழுத்து, தகப்பனிடமிருந்தும் அவ்வளவு.

இந்த வியாதியில் மாறியிருப்பது எத்தனை எழுத்து தெரியுமா? ஒன்றே ஒன்று! ஏ இருக்கவேண்டிய இடத்தில் டி. அதனால் ஹீமோகுளோபினில் 146 அமினோ அமிலம் கோர்த்த ஒரு சங்கிலியில் ஆறாவது மட்டும் மாறிவிடுகிறது. வெர்னன் இங்கிராம் 1957இல் இந்த மாற்றத்தைக் காட்டினார். ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள்போல வளைந்து சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். பையன் துடித்தது அதனால்தான்.

என்னைக் குத்தியது இன்னொன்று. அந்த எழுத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் நோய் இல்லை. மலேரியா உயிரைக் குடிக்காமலும் அது காக்கும். நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த ரத்தத்தை 1952லேயே கண்டிருக்கிறார்கள். நான் சாபம் என்றது, மலேரியாவில் அந்த முன்னோர்கள் பிழைக்க உதவிய எழுத்து! தாய் தகப்பன் இருவரிடமும் அது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்புண்டு. இதில் யாருடைய நடத்தையை விசாரிப்பது?

திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டேன். சகோதரி அழவில்லை. "அப்ப மூத்தவளுக்கும் இருக்குமா? கல்யாணம் பேசிட்டு இருக்கோம்" என்றார்கள். நோயில்லாத அவளுக்கு ஒற்றையாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்றேன். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். இருந்தது.

"மாப்பிள்ளை வீட்ல சொல்லணுமா ஐயா? அவங்களும் சாபம்னுதானே சொல்வாங்க?"

சொல்லத்தான் வேண்டும், அந்தப் பையனுக்கும் பரிசோதனை செய்யவேண்டும் என்றேன். மகள் உள்ளேயிருந்து, "அப்ப நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள். சனிக்கிழமை அவர்களோடு பஸ் ஏறினேன்.