வாய் திறக்காதது வியாதியா?

'வாயத் தொறக்க மாட்டேங்குறான்' என்று ஸ்டேஷனில் போலீஸ்காரர் சொல்வார். மனநல மருத்துவர் அதையே 'எதிர்ப்பு' என்கிறார். சிகிச்சைக்கு வந்தவர் பேச மறுப்பது, சொன்ன நாளில் வராமலிருப்பது, மருத்துவரின் விளக்கத்தைத் தள்ளுவது என எல்லாம் ஃபிராய்டு காலந்தொட்டு இந்த ஒரு சொல்லுக்குள் அடைபட்டன. தாங்கமுடியாத நினைவை மனம் வெளியே விடாமல் தடுக்கிறது என்றார் அவர். அதில் உண்மை உண்டு. ஆனா கேக்குறவன் யாருங்கிறது கணக்குல வர வேண்டாமா?

இதைக் கணக்கில் எடுத்தவர் ஃபனான். மார்த்தினீக் தீவில் பிறந்த கறுப்பின மருத்துவர். 1953இல் பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்த அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். குற்றம் சாட்டப்பட்ட அல்ஜீரியர்களை மருத்துவர்கள் பரிசோதிப்பது அங்கே வழக்கம். முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களில் பலர் பிறகு 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று மறுத்தார்கள். அல்ஜீரியன் பிறவிப் பொய்யன் என்றது காலனிய மருத்துவம். 1955இல் லக்காத்தோனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஃபனான் வேறு விளக்கம் தந்தார். ஒப்புதல் தர வேண்டுமானால் தன்னை விசாரிக்கிற சமூகத்தைத் தன்னுடையதாக ஒருவன் ஏற்றிருக்க வேண்டும். அடிமைப்படுத்தி வைத்திருப்பவனுக்கு அவன் எதற்கு ஒப்புதல் தர வேண்டும்?

நம்ம சனங்களுக்கு இது தெரிந்த சங்கதி. 'எந்த ஊரு, எந்தத் தெரு?' என்ற கேள்வியின் உள்நோக்கம் நமக்குத் தெரியும். சிகிச்சை அறையிலும் அது வந்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். பட்ட அனுபவம் தந்த எச்சரிக்கை அது.

அதற்காக எல்லா மௌனத்தையும் போராட்டம் என்று கொண்டாடவும் முடியாது. தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், தானே உதவி தேடி வந்தவரை அந்த மௌனம் உள்ளுக்குள்ளே அரிக்கிறது. உடைக்கவும் கூடாது, அப்படியே விட்டுவிடவும் கூடாது. அறச்சிக்கல் இங்கேதான்.

ஊக்குவிப்பு நேர்காணல் முறையை வகுத்த மில்லரும் ரோல்நிக்கும் 2013இல் தங்கள் நூலின் மூன்றாம் பதிப்பில் 'எதிர்ப்பு' என்ற சொல்லைக் கைவிட்டார்கள். மாறவும் வேண்டும், மாறவும் பயம் என்ற இருமனம் ஒன்று. மருத்துவருக்கும் வந்தவருக்கும் இடையிலான பிணக்கு இன்னொன்று என்று பிரித்தார்கள். பிணக்கில் மருத்துவருக்கும் பங்குண்டு.

'இவர் ஏன் பேச மறுக்கிறார்?' என்பதற்கு முன்னால், 'என்னை நம்பி இவர் ஏன் பேச வேண்டும்?' என்று மருத்துவர் தன்னைக் கேட்கட்டும். தன் சாதி, தன் நாற்காலி, தன் மொழி எல்லாவற்றையும் அந்தக் கேள்விக்கு உட்படுத்தட்டும். எப்போது பேசுவது, எவ்வளவு பேசுவது என்பதை வந்தவரே தீர்மானிக்கட்டும். பிடுங்கி வாங்கினா அது வாக்குமூலம். அதால யாரோட நோவும் தீராது.