உனக்கு வேண்டாம், தாயி

புளியறையிலிருந்து கோட்டைவாசலுக்கு ஏறும் மலைச்சாலையில் ஒரு ஆடி மாத இரவு. உயரமாகப் பாரம் ஏற்றிய லாரி ஒன்று, தாழத் தொங்கிக் கிடந்த எங்கள் ஃபைபர் கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. செங்கோட்டையில் என் கைபேசி அடித்தபோது மணி பத்தரை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் மேற்பார்வையாளர் மறுபடி அழைத்தார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"உனக்கு வேண்டாம், தாயி. மழையும் காத்துமா கெடக்கு. லாரிக்காரன் போற வார ரோடு. நான் தம்பிய அனுப்புதேன்."

தம்பி என்று அவர் சொன்னது வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமே ஆன, இருபது வயதுப் பையன். அன்று இரவு வேனுக்குள் ஸ்ப்ளைசிங் வேலைக்காரர் மெஷினைத் தயார் செய்துகொண்டிருக்க, அவன் ஈரக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்துத் தனியாக ஏறினான். இடுப்பில் பெல்ட் இல்லை. ஏணியைப் பிடிக்க ஆள் இல்லை. ஏணி வழுக்கியது. குதிகால் எலும்பு உடைந்தது. மூன்று மாதம் வீட்டில் கிடந்தான். முதல் நாள் ஆஸ்பத்திரிச் செலவை ஒப்பந்தக்காரர் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த விபத்து மட்டுமல்ல. அண்ணாச்சி "உனக்கு வேண்டாம்" என்று சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கான விலையை இன்னொருவன் கொடுத்தான். அப்படியென்றால் எனக்குக் காட்டப்பட்ட அந்தப் பரிவு எப்படிப்பட்டது? பெண்ணை ஆபத்திலிருந்து விலக்கி வைப்பது அவளுக்குச் செய்யும் நன்மையா?

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. ஒளி ஓடும் நடுப்பகுதியின் குறுக்களவு சுமார் 9 மைக்ரான். அதைச் சுற்றியுள்ள கண்ணாடியையும் சேர்த்தால் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அறுந்த இரு முனைகளையும் உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நேராக வெட்டி, மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை என்று நிறவரிசை பிசகாமல் 24 இழைகளையும் சேர்க்க வேண்டும். ஒரு தூசி இருந்தால் ஒட்டு கெட்டுவிடும். வெட்டி எறிந்த துணுக்கு விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் குத்திக்கொண்டே இருக்கும். இழைக்குள் ஓடும் ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிதான். தெரியவில்லையே என்று முனையை உற்றுப் பார்த்தால் கண்ணைக் கெடுத்துவிடும்.

கேபிள் எங்கே அறுந்திருக்கிறது என்று ஓடிடிஆர் என்ற கருவி சொல்லும். இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். ஆனால் அது சொல்வது கேபிளின் நீளத்தை. கம்பத்துக்குக் கம்பம் எவ்வளவு சுருட்டி விட்டிருக்கிறார்கள், எங்கே மரக்கிளையில் உரசுகிறது, எந்தக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் பழைய ஜாயிண்ட் இருக்கிறது என்பதெல்லாம் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். புளியறை வயலோரம், பகவதிபுரம் ரயில் நிலையம், கோட்டைவாசல் வரை அந்த வழி முழுவதும் எனக்குத் தெரியும். தென்மேற்குப் பருவக்காலத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்றில் எந்தக் கம்பத்தில் கேபிள் தொய்யும் என்பதும் தெரியும். அன்று இரவு போயிருக்க வேண்டியவள் நான்தான். வழி தெரியாத ஒருவன், ஆண் என்ற ஒரே காரணத்துக்காக அனுப்பப்பட்டான்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. "பீடி சுத்துன கைம்மா, ஒட்டு சுத்தமா விழுது" என்று என் வேலையைப் பாராட்டுபவர். ஆனால் அந்தப் பாராட்டிலும் ஒரு கோடு இருக்கிறது. விரல் நுணுக்கமான வேலை பெண்ணுக்கு, மேஜையில், பகலில். கம்பம், ஏணி, இரவு எல்லாம் ஆணுக்கு. இரவு வேலைக்குத் தனிப் படி உண்டு. யார் அடுத்த மேற்பார்வையாளர் என்று பேச்சு வரும்போது, "ராத்திரி கட்டுக்குப் போனவனுக்குத்தான் லைன் தெரியும்" என்பார்கள். அந்த ஒரு இரவில் என்னைக் காப்பாற்றிய அதே சொல், என் சம்பளத்தையும் என் அடுத்த படியையும் எடுத்துக்கொண்டது.

இது புளியறையில் புதிதாக முளைத்த வழக்கம் இல்லை. தொலைபேசி வந்த காலத்திலிருந்தே பெண்கள் அந்தத் துறையில் இருக்கிறார்கள், ஆனால் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து இணைப்புக் கொடுப்பவர்களாக. கம்பியும் கருவியும் ஆண்களிடம் இருந்தன. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொலைபேசி ஆபரேட்டராக இருந்த லொரீனா வீக்ஸ், 1966இல் அதிகச் சம்பளமுள்ள ஸ்விட்ச்மேன் வேலைக்கு விண்ணப்பித்தார். பெண்கள் 30 பவுண்டுக்கு மேல், அதாவது பதின்மூன்றரை கிலோவுக்கு மேல், தூக்கக் கூடாது என்று காரணம் காட்டி நிறுவனம் மறுத்தது. இரவில் எந்நேரமும் அழைப்பு வரும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 1969இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கடினமான, ஆபத்தான வேலைக்குக் கிடைக்கும் கூடுதல் கூலி அந்தச் சிரமத்துக்குத் தகுமா என்று முடிவு செய்யும் உரிமை ஆண்களுக்கு எப்போதும் இருந்திருக்கிறது, பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

பதின்மூன்றரை கிலோ என்று படித்தபோது எனக்கு அம்மா நினைவுக்கு வந்தாள். புளியறை வயலில் அறுத்த நெற்கட்டைத் தலையில் வைத்து, சேற்று வரப்பில் களத்துக்கு நடந்தவள். தண்ணீர் நிரம்பிய குடத்தின் கனமே அந்தக் கணக்கைத் தொட்டுவிடும். அவளிடம் யாரும் "உனக்கு வேண்டாம், தாயி" என்று சொன்னதில்லை. கூலி குறைந்த சுமையிலிருந்து பெண்ணை யாரும் காப்பாற்றுவதில்லை. கூலி கூடும் இடத்தில்தான் அவள் உடம்பைப் பற்றிய கவலை தொடங்குகிறது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரவு 7 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே பெண்கள் ஆலையில் வேலை செய்வதைத் தடை செய்திருந்தது. ஆர். வசந்தா வழக்கில் 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. கூடவே, இரவு வேலைக்குப் பெண்களை அமர்த்துபவர்கள் வாகனம், ஓய்வறை, பாலியல் தொல்லையிலிருந்து பாதுகாப்பு போன்றவற்றைத் தர வேண்டும் என்றும் சொன்னது. மது பரிமாறும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற பழைய பஞ்சாப் சட்டப்பிரிவு பற்றிய அனுஜ் கர்க் வழக்கில், 2007இல் உச்ச நீதிமன்றமும் இதே திசையில் பேசியது. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணின் சுதந்திரத்தைக் குறுக்குவதைவிட, அவள் அச்சமின்றி வேலை செய்யும் சூழலை உண்டாக்குவதே அரசின் கடமை என்றது. தெலங்கானாவில் ஜூனியர் லைன்மேன் பணிக்கு 2019இல் அறிவிப்பு வந்தபோது பெண்களுக்கு இடமில்லை. பெண்கள் நீதிமன்றம் போய், கம்பம் ஏறும் தேர்வில் ஏறிக் காட்டி, அந்த வேலைக்குள் நுழைந்தார்கள்.

ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு எதிராகச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில், அன்பான குரலில் முடிந்துவிடுகிறது. எழுதப்பட்ட தடையை எதிர்த்து வழக்குப் போடலாம். "தாயி" என்று அழைப்பவரிடம் என்ன வழக்குப் போடுவது?

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். என்னோடு படித்த தோழி ஒருத்தி அதைக் கேட்டாள். "ஆம்பளைங்க காலை ஒடிச்சிக்கிற வேலையில நமக்கும் பங்கு வேணும்னு கேக்கறதா பெண் விடுதலை? பெல்ட்டும் கிடையாது, காப்பீடும் கிடையாது. அந்த ஒப்பந்தக்காரனுக்கு மலிவா இன்னொரு ஆள் கிடைக்கும். அவ்வளவுதானே?" என்றாள்.

அவள் சொன்னதை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. 2011இல் தொடங்கிய தேசிய ஃபைபர் திட்டம் இன்று பாரத்நெட் என்ற பெயரில் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைக்க நினைக்கிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கேபிள் கொண்டுபோக 2018இல் ஒரு தனி நிறுவனமே தொடங்கப்பட்டது. தனியார் இணைப்புகள் வேறு. அறிவிப்புகளில் கிலோமீட்டர் கணக்கு வரும். அறுந்தால் இரவில் ஏறுகிற ஆளின் கணக்கு வராது. இப்படிப்பட்ட வேலையில் சமபங்கு கேட்பது, அநீதியில் சமபங்கு கேட்பதாக முடிந்துவிடலாம்.

ஆனாலும் அந்த விபத்துக்குப் பிறகு நடந்த ஒன்று என் மனதைத் தீர்மானித்தது. பையன் விழுந்த மறுவாரம் நான் அண்ணாச்சியிடம் போய், இடுப்பு பெல்ட் வாங்க வேண்டும் என்றேன். அவர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார்:

"உன்னத்தான் நான் அனுப்பலையேம்மா. பெறகு உனக்கு எதுக்கு பெல்ட்டு?"

விலக்கி வைப்பதன் முழு விளைவும் அந்தக் கேள்வியில் இருந்தது. கம்பத்தில் ஏறாதவளுக்குக் கம்பத்தைப் பற்றிப் பேச இடமில்லை. ஏறுகிற பையனோ கேட்க மாட்டான். கேட்டால் "பயந்தாங்கொள்ளி" என்பார்கள், "பொட்டப்பிள்ள மாதிரி" என்பார்கள். பயப்படுவது பெண்ணின் குணம் என்று வைத்துவிட்டதால், ஆண் தன் உயிருக்குப் பயந்து ஒரு பெல்ட் கேட்கவும் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. பெண் ஏறினால் ஆபத்து என்று சொல்லி அவளை இறக்கிவிட்டதும், கம்பத்தின் ஆபத்து யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. எனக்கு ஆபத்தான ஏணி அவனுக்கும் ஆபத்தானதுதான். ஆபத்து ஈரக் கம்பத்திலும், பெல்ட் இல்லாத இடுப்பிலும், ஏணியைப் பிடிக்க இரண்டாவது ஆளுக்குக் கூலி கொடுக்காத கணக்கிலும் இருந்தது. என் உடம்பில் இல்லை.

அதனால் தோழிக்கு என் பதில் இது. ஆபத்தில் பங்கு கேட்பதாக நான் நினைக்கவில்லை. ஆபத்தைப் பற்றிப் பேசும் உரிமையில் பங்கு கேட்கிறேன். அந்த உரிமை வேலை நடக்கும் இடத்தில் நிற்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது என்றால், நான் அங்கே போய் நின்றாக வேண்டும்.

அடுத்த இரவு அழைப்பு வந்தபோது வருகிறேன் என்றேன். இரண்டு பேர் போக வேண்டும், பெல்ட் வேண்டும், ஒளிரும் மேல்சட்டை வேண்டும், வேன் எங்களை இறக்கிவிட்டுப் போகாமல் விளக்குப் போட்டு நிற்க வேண்டும் என்று கேட்டேன். "பொம்பளைய அனுப்புனா இப்படித்தான் ஆயிரம் கண்டிஷன்" என்று ஒப்பந்தக்காரர் முனகியதாகக் கேள்விப்பட்டேன். மூன்று முறை அந்தக் காரணத்துக்காகவே என்னை அழைக்கவில்லை. பிறகு வேறு ஆள் இல்லாத ஒரு மழை இரவில் அழைத்தார்கள். இரண்டு பெல்ட்டுகள் வந்தன. ஏறுகிறவர்கள் நாங்கள் நான்கு பேர். மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்கிறோம். இதை வெற்றி என்று சொல்ல மாட்டேன். எனக்கென்று கேட்ட பெல்ட்டை மூன்று ஆண்களும் கட்டுகிறார்கள் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

எனக்கு இன்றும் பயம் உண்டு. கோட்டைவாசல் சாலையில் நள்ளிரவில் லாரி வேகம் குறைத்து எட்டிப் பார்க்கும்போது வயிற்றில் ஒன்று புரளும். அது ஆண் துணையாளுக்கு வராத பயம் என்பதும் தெரியும். அதை இல்லை என்று சொல்லி என்னை வீராங்கனையாக்கிக்கொள்ள விருப்பமில்லை. அந்தப் பயத்தை வைத்து என் வேலையை யார் எடை போடுவது என்பதுதான் என் கேள்வி. சில இரவுகளில் நான் வரவில்லை என்றும் சொல்லியிருக்கிறேன். அது நான் சொன்ன "வேண்டாம்".

அந்தப் பையன் திரும்பி வந்துவிட்டான். இன்னும் ஏணி ஏற முடியாது. எனக்குப் பக்கத்தில் மேஜையில் உட்கார்ந்து ஸ்ப்ளைசிங் கற்றுக்கொள்கிறான். "பொம்பள வேலைக்கு வந்துட்டான்" என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். அவன் விரல்கள் நன்றாகவே படிகின்றன. ஒருநாள் பழுப்பு இழையைத் துடைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னான்:

"யக்கா, அன்னைக்கு நீங்க போயிருந்தியன்னா நீங்கதான் விழுந்திருப்பிய."

"ரெண்டு பேருமா போயிருந்தா ஒருத்தரும் விழுந்திருக்க மாட்டோம்லா," என்றேன். "ஏணியப் பிடிக்க ஆள் இருந்திருக்கும்."