கண் எங்கே நிற்கும்?

ஒரு பக்கம் திறந்ததும் திரை முழுவதையும் பார்த்துவிட்டதாக நினைக்கிறோம். கண் அப்படிப் பார்ப்பதில்லை. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழிவுக்குத்தான் நுணுக்கம் தெரியும். கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அதன் அகலம்தான் ஏறத்தாழ அந்தத் தெளிவின் எல்லை. மீதியைப் பார்க்கக் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. அந்தத் தாவல் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. விளம்பரம், செயலி, இணையப் பக்கம் எதைக் கொடுத்தாலும் கண் நிற்கக்கூடிய இடங்களைச் சிவப்பாகக் காட்டிவிடும்.

இதன் அடித்தளம் 1998இல் லாரன்ட் இட்டி, கிறிஸ்டாஃப் காக், எர்ன்ஸ்ட் நீபர் ஆகியோர் வெளியிட்ட முறை. நிறம், ஒளி, கோடுகளின் சாய்வு மூன்றையும் அது தனித்தனியே அளக்கும். சுற்றியிருப்பதிலிருந்து மாறுபடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும். சாத்தான்குளத்தை அடுத்த தேரிக்காட்டின் படத்தைக் கொடுத்தால், செம்மணலில் நிற்கும் ஒற்றைப் பனையைக் காட்டும்.

ஆனால் மனிதர் மாறுபாட்டை மட்டும் பார்ப்பவர்கள் அல்லர். 2009இல் எம்.ஐ.டி.யின் டில்கே ஜட் குழு, 15 பேருக்கு 1003 படங்களைக் காட்டி அவர்கள் பார்வையைப் பதிவு செய்தது. முகங்களிலும் எழுத்துகளிலும் படத்தின் நடுப்பகுதியிலும் கண்கள் அதிகம் நின்றன. இத்தகைய பதிவுகளிலிருந்து கற்ற மென்பொருள், அதே தேரிப் படத்தின் ஓரத்தில் பதநீர்க் கலயத்தோடு ஒருவர் நின்றால், பனையை விட்டு அவர் முகத்தைக் காட்டும்.

இதற்கும் அடியில் இருப்பது நோக்கம். ரஷ்ய ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ், ஓவியர் ரேபினின் படைப்பு ஒன்றை ஒருவரிடமே பலமுறை காட்டினார். ஒருமுறை படத்திலுள்ளவர்களின் வயதைக் கேட்டார்; இன்னொருமுறை அதிலுள்ள குடும்பத்தின் வசதியைக் கேட்டார். கேள்வி மாறியதும் கண் போன வழியும் மாறியது. கைப்பேசியில் பட்டா பார்க்கும் விவசாயியும் அப்படித்தான். பக்கத்தின் மேலே எத்தனை பளிச்சென்ற படம் இருந்தாலும், அவர் கண் தேடுவது புல எண்ணை எங்கே இடுவது என்பதைத்தான்.

கடைசி அடுக்கு, பார்ப்பவரின் உடல். மாற்றுத்திறனாளிகளுக்கான சென்னை வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பிரதீப்தா பிஸ்வாஸ் குழு, பேச்சும் கைகால் இயக்கமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் பார்வையாலேயே ரோபோ கையை இயக்கும் ஏற்பாட்டை உருவாக்கியது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் பலருக்கு, நினைத்த இடத்தில் விழி நிற்காது. பொதுவான பார்வையாளரைக் கொண்டு வரைந்த வரைபடம் இவர்களுக்கு உதவாது. பொத்தான்கள் பெரிதாகவும் விலகியும் இருந்தால்தான் அவர்களால் தேர்ந்தெடுக்க முடியும்.

ஆகவே இந்த மென்பொருளை முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம். முக்கியமான பொத்தான் கண்ணில் படாமல் கிடப்பதை அது சில நொடிகளில் சொல்லிவிடும். அதோடு வேலை முடிந்ததாகக் கருதக் கூடாது. பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் மக்கள் நம்பியிருக்கும் பக்கங்களை உருவாக்குபவர்கள், அவற்றைத் திறக்கப்போகும் முதியவர்களோடும் மாற்றுத்திறனாளிகளோடும் உட்கார்ந்து, அவர்கள் எங்கே தேடித் திணறுகிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும். சராசரிக் கண்ணுக்கு மட்டும் வடிவமைத்த திரை, உதவி மிகவும் தேவைப்படுபவரைத்தான் முதலில் கைவிடும்.