மருந்தைத் தெரிபவர் யார்?

வைத்தியர் முன் வாய் திறவாதிருந்து, அவர் எழுதித் தருவதை வாங்கிச் செல்பவரே நல்ல நோயாளர் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். பார்வைக்கு இது பணிவாகத் தோன்றும். உண்மையில் அது பணிவுதானா என்று சற்றுச் சிந்திப்போம்.

சோரியாசிஸ் என்னும் தோல் நோயை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அந்நோயுள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மூட்டுகளும் வீங்கி நோகின்றன. நோயெதிர்ப்புச் சக்தியே நெறி தவறி மூட்டுகளைத் தாக்குவதால் வருவது இது. பிறருக்குத் தொற்றாது. மருந்தால் அடக்கி வைக்கலாம். கவனியாது விட்டால் எலும்பு அரிக்கப்பட்டு விரல்கள் கோணிவிடக்கூடும். அரிக்கப்பட்ட மூட்டு பழைய நிலைக்கு மீளாது.

மருந்துகள் பல உண்டு. நோவு தணிக்கும் குளிசைகள் வீக்கத்தைக் குறைக்கும். நெடுநாள் எடுத்தால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் வருத்தக்கூடும். மெதோட்ரெக்சேற் நோயின் வேகத்தை அடக்கக்கூடும். ஆனால் அதை வாரத்தில் ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டும். தவறுதலாக நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தோரும் உண்டு. காலத்துக்குக் காலம் இரத்தத்தைச் சோதித்து ஈரலின் நிலையையும் பார்க்க வேண்டும். 2002ஆம் ஆண்டில் எட்டானெர்செப்ட் என்னும் ஊசிமருந்து இந்நோய்க்கென அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதன்பின் அவ்வகை உயிரியல் மருந்துகள் பல வந்துள்ளன. அவை மூட்டு அரிக்கப்படுவதையும் தடுக்க வல்லவை. ஆனால் விலை பெரிது, தொற்றுநோய்களை எதிர்க்கும் வலுவும் குறையும். ஆதலால், தொடங்குமுன் உடலில் காசநோய் உறங்கிக் கிடக்கின்றதா எனச் சோதிப்பர்.

இவற்றுள் எது நல்லது? மூவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தையல் வேலை செய்பவர். விரல் மடங்காவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. மற்றவர் விரைவில் மணமாகவிருக்கும் பெண். மெதோட்ரெக்சேற் கருவுக்குக் கேடு செய்யும். மூன்றாமவர் மாலைதோறும் சாராயம் அருந்தும் மீனவர். அம்மருந்தோடு மதுவும் சேர்ந்தால் ஈரல் தாங்காது. நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று. ஆயினும் தராசில் அது மூவருக்கும் ஒரே நிறையாக இல்லை.

மருந்தின் குணத்தை வைத்தியர் அறிவார். உங்கள் வாழ்வின் நிலையை நீங்களே அறிவீர்கள். நீங்கள் சொல்லாவிட்டால், அவர் ஒரு தட்டை மட்டும் பார்த்து நிறுக்க வேண்டியவராகின்றார். குடிப்பதை மறைப்பதும், நாட்டு மருந்து உண்பதை மறைப்பதும், பயத்தினால் குளிசையை நிறுத்திவிட்டு “ஒழுங்காக எடுக்கிறேன் ஐயா” என்பதும் அவர் கண்ணைக் கட்டிவிடுகின்றன. இதனைப் பணிவு என்று எப்படிச் சொல்வது?

பக்கவிளைவுக்கு அஞ்சி, மருந்தே வேண்டாம் என்போரும் உளர். அச்சம் நியாயமானதே. ஆனால் மருந்தெடாதிருப்பதும் ஒரு தீர்மானந்தான். அதற்கும் பக்கவிளைவு உண்டு. அது எந்த மருந்துப் பெட்டியிலும் அச்சிடப்படுவதில்லை.

வைத்தியருக்கும் ஒரு கடமை உண்டு. எமது கிளினிக்குகளில் சனம் அதிகம், நேரம் குறைவு. எனினும், ஏன் இந்த மருந்து, வேறு வழி உண்டா, என்ன தீங்கு வரலாம் என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது அவர் செய்யும் தயவன்று, நோயாளருக்கு உரியது. கேட்பது வேறு, கட்டளையிடுவது வேறு என்பதை நாமும் மறத்தலாகாது. அவருடைய படிப்பை நாம் ஒரு நாளிற் பெற்றுவிட முடியாது.

அடுத்த முறை செல்லுமுன் உங்கள் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லக் கூச்சப்படும் விடயத்தை முதலில் எழுதுங்கள். தீர்மானத்தால் வரும் நலனையும் நோவையும் சுமக்கப்போவது உங்கள் உடல். அத்தீர்மானத்தில் உங்கள் குரலும் இருத்தலே முறை.